பதியப்படாத குளிசை: முதியோர் இல்லங்களில் மருந்துத் தவறும் சட்டமும்

முதியவர் ஒருவர் உட்கொள்ளும் குளிசை அவரது வாயைச் சென்றடைவதற்கு முன் பல கைகளைக் கடந்து வருகிறது. வைத்தியர் அதைத் தீர்மானித்து எழுதுகிறார். மருந்தாளர் அந்த எழுத்தைப் படித்து எடுத்துக் கொடுக்கிறார். இல்லத்தின் பொறுப்பாளர் தமது குறிப்பேட்டில் அதைப் பெயர்த்தெழுதுகிறார். பராமரிப்பாளர் வேளை பார்த்து ஊட்டுகிறார். அதன் பின்னர் அம்மருந்து உடலில் என்ன செய்கிறது என்பதைக் கவனித்து, வேண்டியபோது குருதிப் பரிசோதனைக்கு அனுப்பும் கடமையும் யாரோ ஒருவருக்கு உண்டு. இந்த ஐந்து படிகளுள் எதிலேனும் நேரும், தவிர்த்திருக்கக்கூடிய பிழையே மருந்துத் தவறு எனப்படுகிறது. அதனால் தீங்கு விளைந்ததா இல்லையா என்பது வேறு கேள்வி. சரியான மருந்தைச் சரியான அளவில் கொடுத்தும் உடல் ஏற்காமல் போவது பக்கவிளைவு. அது தவறு அன்று. இந்த இரண்டையும் பிரித்தறிவது வைத்தியருக்கும் எளிதன்று, நீதிமன்றத்துக்கும் எளிதன்று. பிரித்தறிய உதவும் சான்று பெரும்பாலும் ஒரே ஒரு தாளில்தான் இருக்கிறது. அந்தத் தாள், எந்த மருந்து எந்த நாளில் எந்த வேளையில் யார் கையால் கொடுக்கப்பட்டது என்பதைக் காட்டும் மருந்துப் பதிவேடு.

கொள்ளுப்பிட்டியிலிருந்து பம்பலப்பிட்டி வழியே வெள்ளவத்தை வரையும், நகரின் வடபுறத்தில் கொட்டாஞ்சேனையிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இது தொலைவிலுள்ள ஒரு பொருளன்று. பிள்ளைகள் லண்டனிலும் டொரொன்டோவிலும் சிட்னியிலும் குடியேறியிருக்க, பெற்றோரை இல்லமொன்றில் சேர்த்து மாதந்தோறும் பணம் அனுப்பும் ஏற்பாடு இப்பகுதிகளில் வழமையாகிவிட்டது. 2012 ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டிலேயே இலங்கையரில் 12.4 சதவீதத்தினர் அறுபது வயதைக் கடந்தவர்களாக இருந்தனர். அவ்விகிதம் அதற்குப் பின் ஏறிக்கொண்டே செல்கிறது. மேற்கு நாடுகளில் ஒரு நூற்றாண்டு பிடித்த முதுமையடைதலை இந்நாடு சில தசாப்தங்களில் கடக்கிறது என்பதால், பராமரிப்பு நிறுவனங்கள் தோன்றிய வேகத்துக்கு அவற்றை மேற்பார்வை செய்யும் ஒழுங்குகள் ஈடுகொடுக்கவில்லை.

முதிய உடலில் மருந்து நடந்துகொள்ளும் விதமே தவறுகளின் விளைவைப் பெருக்குகிறது. பெரும்பாலான மருந்துகளை உடலிலிருந்து அகற்றுபவை ஈரலும் சிறுநீரகமும். சிறுநீரகம் குருதியை வடிக்கும் ஆற்றல் நாற்பது வயதிற்குப் பின் பலருக்கு ஆண்டுதோறும் சிறிது சிறிதாகக் குறைந்து, எண்பது வயதில் இளமையில் இருந்ததன் பாதியளவுக்கு வந்துவிடக்கூடும். இக்குறைவைக் காட்டவேண்டிய கிரியேட்டினின் பரிசோதனையும் முதியவர்களிடம் ஏமாற்றிவிடுகிறது. ஏனெனில் கிரியேட்டினின் என்பது தசையிலிருந்து உண்டாகும் கழிவு, மெலிந்த முதியவரிடம் தசையே குறைவு, ஆகவே சிறுநீரகம் தளர்ந்திருந்தும் அறிக்கையில் எண் இயல்பானதாகவே தோன்றும். வயதையும் உடல் எடையையும் சேர்த்துக் கணிக்கும் சூத்திரத்தை 1976 இல் கொக்குரொஃப்ட், கோல்ட் என்னும் இருவர் வெளியிட்டது இக்காரணத்தாலேயே. அந்தக் கணிப்பைச் செய்யாமல் எழுதப்படும் டிஜொக்சின், நடுவயதினருக்கு ஏற்ற அளவாகவே இருந்தாலும், முதியவரின் குருதியில் நாளுக்கு நாள் தேங்கி, பசியின்மையாகவும் குமட்டலாகவும் குழப்பமாகவும் வெளிப்பட்டு, இறுதியில் இதயத் துடிப்பின் ஒழுங்கையே குலைக்கலாம். பசியின்மையும் குழப்பமும் முதுமையின் இயல்பென்று கருதப்படுவதால், மருந்தின் மீது எவருக்கும் ஐயம் எழுவதில்லை.

உடலின் கொழுப்பும் நீரும் இடம் மாறுவதும் இதே அளவு முக்கியமானது. வயதுடன் உடலில் கொழுப்பின் பங்கு கூடி நீரின் பங்கு குறைகிறது. கொழுப்பில் கரையும் டயசிபாம் போன்ற உறக்க மருந்துகள் அங்கே தங்கி, நிறுத்திய பின்னரும் பல நாட்கள் மெதுவாகக் கசிந்துகொண்டிருக்கும். மூளையும் முன்போலிருப்பதில்லை. நரம்புகளிடையே செய்தி கடத்தும் அசற்றைல்கோலின் என்னும் பொருளைத் தடுக்கும் மருந்துகள், தடிமனுக்குக் கொடுக்கப்படும் குளோர்பெனிரமின் உட்பட, முதியவர்களுக்கு மறதியையும் சிறுநீர் அடைப்பையும் மலச்சிக்கலையும் திடீர்க் குழப்ப நிலையையும் தரவல்லவை. வீட்டில் எவரும் தயங்காது வாங்கிக் கொடுக்கும் குளிசை அது. அமெரிக்க முதியோர் மருத்துவர் மார்க் பியர்ஸ் 1991 இல் முதியோருக்குப் பொருந்தாத மருந்துகளின் பட்டியலொன்றை முதன்முதலில் வகுத்தபோது, அவர் கருத்திற்கொண்டது பராமரிப்பு இல்லவாசிகளையே. அவரது பெயரால் இன்றும் புதுப்பிக்கப்படும் அப்பட்டியலில் இவ்வகை மருந்துகள் நீங்காத இடம் பெற்றுள்ளன.

மருந்து மருந்தைப் பெற்றெடுக்கும் ஒரு தொடரும் உண்டு. உயர் குருதி அமுக்கத்துக்கு அம்லோடிபின் கொடுக்கப்படுகிறது. அதன் விளைவாகக் கணுக்கால் வீங்குகிறது. வீக்கத்தைப் புதிய நோயென்று எண்ணி நீரிறக்கும் மருந்தான ஃபுரோசமைட் சேர்க்கப்படுகிறது. உடலில் பொட்டாசியமும் நீரும் குறைகின்றன. முதியவர் இரவில் பலமுறை கழிப்பறைக்கு எழுந்து, தலைசுற்றி விழுந்து இடுப்பெலும்பு முறிகிறது. ஒவ்வொரு படியையும் தனித்து நோக்கினால் யாரும் குற்றவாளியல்லர். முழுமையாக நோக்கினால் முதற்குளிசையை மாற்றியிருந்தால் போதுமாயிருந்தது. இத்தொடரை 1990களில் போலா ரொஷோன், ஜெரி குர்விற்ஸ் ஆகியோர் விளக்கிய பின்னரே மருத்துவர்கள் இதைத் தேடிப் பார்க்கத் தொடங்கினர்.

தவறுகள் எத்துணைப் பொதுவானவை என்பதை அளந்த ஆய்வுகளுள் இரண்டு சிறப்பாகக் குறிப்பிடத்தக்கவை. அமெரிக்காவில் கென்னத் பார்க்கர் தலைமையிலான குழு, 36 மருத்துவமனைகளிலும் பராமரிப்பு நிலையங்களிலும் தாதியர் மருந்து கொடுப்பதை நேரில் நின்று கவனித்து 2002 இல் வெளியிட்ட முடிவின்படி, கவனிக்கப்பட்ட 3216 வேளைகளுள் 605 இல், அதாவது ஐந்தில் ஒன்றுக்குச் சற்றுக் குறைவானவற்றில், ஏதோவொரு தவறு இருந்தது. அவற்றுள் பெரும்பகுதி வேளை தவறியதும் விடுபட்டதுமே. இங்கிலாந்தில் 55 இல்லங்களின் 256 வாசிகளை ஆராய்ந்து 2009 இல் வெளியான ஆய்வில், ஒவ்வொருவரும் சராசரியாக எட்டு மருந்துகளை உட்கொண்டிருந்தனர்; அவர்களுள் 178 பேர், பத்தில் ஏழு பேர், குறைந்தது ஒரு தவறுக்காவது ஆளாகியிருந்தனர். அவ்வாய்வின் ஆழமான செய்தி இந்த எண்ணில் இல்லை. தவறுகள் எழுதுவதிலும் வழங்குவதிலும் ஊட்டுவதிலும் ஏறத்தாழ ஒரே விகிதத்தில் பரவியிருந்தன. மருந்தின் விளைவைக் கண்காணிப்பதில் அவ்விகிதம் இவற்றைவிடத் தெளிவாக உயர்ந்திருந்தது. விளையக்கூடிய தீங்கின் கடுமையும் அங்கேயே மிகுந்திருந்தது. 2005 இல் வெளியான குர்விற்ஸின் ஆய்வும் மருந்தால் விளைந்த தீங்குகளுள் 42 சதவீதம் தவிர்க்கக்கூடியவை என்றும், அவற்றின் வேர் பெரும்பாலும் எழுதுவதிலும் கண்காணிப்பதிலும் இருந்தது என்றும் கண்டது. குளிசையை மாற்றிக் கொடுத்த பராமரிப்பாளரின் கை கண்ணுக்குத் தெரிகிறது. ஆறு மாதமாக எடுக்கப்படாத குருதிப் பரிசோதனை கண்ணுக்குத் தெரிவதில்லை. குடும்பத்தினரின் கோபமும் முறைப்பாடும் எப்போதும் முன்னதையே நோக்கித் திரும்புவது, நியாயமே எனினும், பெரிய தீங்கைத் தப்பவிடுகிறது.

கொழும்பில் இத்தவறுகளுக்கு உள்ளூர் வழிகள் உண்டு. அரச வைத்தியசாலைக் கிளினிக்கில் ஒரு மாதத்துக்குரிய குளிசைகள் எண்ணப்பட்டுச் சிறு காகித உறைகளில் இடப்பட்டு, உறையின் மேல் மருந்தின் பெயரும் வேளையும் கையால் எழுதப்பட்டுத் தரப்படுவது நெடுங்கால வழக்கம். அட்டையிலிருந்து பிரித்த குளிசைக்கு அதன் உறையே அடையாளம். உறைகள் கலந்துவிட்டால் வெள்ளை நிறச் சிறு குளிசைகள் இரண்டை வேறுபடுத்துவது அனுபவமுள்ள மருந்தாளருக்கும் கடினம். வேளையைக் குறிக்கும் இலத்தீன் சுருக்கங்கள், அதாவது காலையில் என்பதற்கு மானே, இரவில் என்பதற்கு நொக்டே, நாளுக்கு இருமுறை என்பதற்கு பி.டி., மருத்துவம் கற்றவர்களுக்கே உரியவை. அவற்றை வாசித்து ஊட்டவேண்டியவரோ பல இல்லங்களில் பதிவு பெற்ற தாதி அல்லர், சில வாரப் பயிற்சி பெற்ற அல்லது பயிற்சியே பெறாத உதவியாளர்.

ஒரே மருந்து இரு பெயர்களில் வந்துசேர்வது இன்னொரு வழி. கிளினிக்கில் லொசார்ட்டான் பொதுப்பெயரில் தரப்படுகிறது. தனியார் சிறப்பு வைத்தியர் அதையே வணிகப் பெயரொன்றில் எழுதுகிறார். இல்லத்தில் இரண்டும் இரண்டு மருந்துகளாகக் குறிக்கப்பட்டு இரண்டும் கொடுக்கப்படுகின்றன. இந்த ஆபத்துக்கு மருந்தாகும் கொள்கை இந்நாட்டில் மிக முன்னரே வகுக்கப்பட்டது என்பது பெருமைக்குரியது. பேராசிரியர் சேனக பிபிலேயும் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் 1971 இல் சமர்ப்பித்த அறிக்கை, மருந்துகளைப் பொதுப்பெயரில் இறக்குமதி செய்து எழுதவேண்டும் என்ற கொள்கைக்கு அடித்தளமிட்டது. அதே ஆண்டில் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தோன்றியது. உலகின் பல நாடுகள் அக்கொள்கையைப் பின்பற்றின. 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்க தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைச் சட்டமும் மருந்துச்சீட்டில் பொதுப்பெயர் இடம்பெற வேண்டும் என்கிறது. பொதுப்பெயர் என்றால் விலை குறைந்த மருந்து என்ற அளவிலேயே இதுவரை பேசப்பட்டு வந்துள்ளது. பிபிலேயின் கொள்கை உயிர்காக்கும் பாதுகாப்பு ஏற்பாடும் ஆகும் என்பது போதிய அளவு வலியுறுத்தப்படவில்லை.

சில மருந்துகள் தனிக் கவனம் வேண்டுபவை. மூட்டுவாதத்துக்கு எழுதப்படும் மெதோட்ரெக்சேற் வாரத்தில் ஒரு நாள் மட்டும் உட்கொள்ளவேண்டியது; ஏனைய குளிசைகளுடன் சேர்ந்து அது நாள்தோறும் கொடுக்கப்பட்டால் எலும்பு மச்சை குருதியணுக்களை ஆக்குவதை நிறுத்திவிட, நோயாளி இறக்க நேரிடுகிறது; இத்தவறால் நேர்ந்த மரணங்கள் பல நாடுகளில் பதிவாகியுள்ளன. குருதி உறைவதைத் தடுக்கும் வோர்ஃபரினின் அளவு ஐ.என்.ஆர். என்னும் பரிசோதனைக்கேற்பக் கூட்டியும் குறைத்தும் மாற்றப்படுவதால், மாற்றம் பதிவேட்டில் ஏறாமல் பழைய அளவே தொடர்வது எளிது. அத்துடன் வயிற்றுப்போக்குக்கு மெட்ரோனிடசோல் சேர்ந்தால் குருதி உறைதல் மேலும் தாமதித்து மூளைக்குள் கசிவு ஏற்படலாம். இன்சுலின் இன்னொன்று. மில்லிலீற்றருக்கு 100 அலகு செறிவுள்ள இன்சுலினை, இந்தியாவில் பரவலாக விற்கப்படும் 40 அலகு செறிவுக்குரிய ஊசிக்குழலால் எடுத்தால், 20 என்ற கோடு வரை இழுத்த மருந்தில் உண்மையில் 50 அலகு இருக்கும். சென்னையிலிருந்து மருந்தும் ஊசியும் கொண்டுவரும் உறவினர் உள்ள குடும்பங்கள் இதை அறிந்திருக்கவேண்டும். விழுங்க முடியாதவர்களுக்காகக் குளிசைகளை இடித்துக் கஞ்சியில் கலப்பதும் தீங்கற்ற வழக்கமன்று. நாள் முழுவதும் மெல்லக் கரையும்படி செய்யப்பட்ட நிஃபெடிபின் குளிசை இடிக்கப்பட்டால், முழு அளவும் ஒரேயடியாகக் குருதியில் கலந்து அமுக்கத்தைத் திடீரென வீழ்த்தும்.

இவையெல்லாம் கவனக்குறைவின் விளைவுகள். வேண்டுமென்றே செய்யப்படும் ஒன்று இவற்றிலிருந்து வேறானது: மறதிநோயால் இரவில் அலையும், கூச்சலிடும் முதியவரை அடக்கி வைப்பதற்காக, மனச்சிதைவு நோய்க்குரிய ரிஸ்பெரிடோன், ஒலான்சபின், ஹலோபெரிடோல் போன்றவற்றைக் கொடுப்பது. இம்மருந்துகளுக்கு மருத்துவத்தில் இடமுண்டு. எனினும் மறதிநோயுள்ள முதியவர்களிடம் இவ்வகை மருந்துகள் மரண வாய்ப்பை 1.6 முதல் 1.7 மடங்கு வரை உயர்த்துகின்றன என்று 17 பரிசோதனைகளைத் தொகுத்து நோக்கிய அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2005 இல் கடும் எச்சரிக்கை வெளியிட்டது. 2008 இல் பழைய வகை மருந்துகளுக்கும் அதை விரித்தது. பணியாளர் பற்றாக்குறையை ஈடுசெய்யும் பொருட்டு ஒரு முதியவரின் விழிப்பைப் பறிப்பது மருத்துவமாகாது. வைத்தியர் எழுதாமல், குடும்பத்திடம் கேட்காமல் அது செய்யப்படுமானால், அதை மருந்துத் தவறு என்று மென்மையாக அழைப்பதற்கும் நியாயமில்லை.

சட்டத்தின் பக்கம் திரும்பினால் முதலில் தென்படுவது ஒரு பிளவு. 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகளைப் பாதுகாத்தல் சட்டம், முதியோருக்கான தேசியப் பேரவையையும் செயலகத்தையும் நிறுவி, முதியோருக்கு உறைவிடப் பராமரிப்பு வழங்குவோர் பதிவு செய்யவேண்டும் என்று விதித்தது. 2006 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கத் தனியார் மருத்துவ நிறுவனங்கள் பதிவுச் சட்டமோ நோயாளருக்குச் சிகிச்சை வழங்கும் தனியார் நிலையங்களை ஓர் ஒழுங்குமுறைப் பேரவையின் கீழ்க் கொண்டுவந்தது. முன்னது சமூகசேவையின் கண்ணோடு உணவையும் படுக்கையையும் பார்க்கிறது. பின்னது மருத்துவத்தின் கண்ணோடு வைத்தியசாலைகளைப் பார்க்கிறது. பத்துப் பன்னிரண்டு முதியவருக்கு நாளொன்றுக்கு நூறு குளிசை ஊட்டும் ஓர் இல்லம், தன்னை உறைவிடம் என்று மட்டும் கூறிக்கொண்டால், இரண்டுக்கும் இடையில் நின்றுவிட முடிகிறது. ஒப்புநோக்க, அமெரிக்கக் கூட்டாட்சி விதிகள், 1987 இன் சீர்திருத்தச் சட்டத்தைத் தொடர்ந்து, இல்லவாசி ஒவ்வொருவரின் மருந்துகளையும் மருந்தாளர் ஒருவர் மாதந்தோறும் மீளாய்வு செய்யவேண்டும் என்றும், மருந்துத் தவறுகள் ஐந்து சதவீதத்தை எட்டலாகாது என்றும் கட்டளையிடுகின்றன. விதி இருப்பதால் தவறு ஒழிந்துவிடவில்லை. ஆனால் அளக்கவேண்டும் என்ற கட்டாயம் பதிவேட்டைக் கட்டாயமாக்குகிறது.

இலங்கையில் பாதிக்கப்பட்ட குடும்பத்துக்குள்ள வழிகள் பல. அவை ஒவ்வொன்றும் வெவ்வேறு பயனைத் தருபவை. வைத்தியரின் தொழில்முறைத் தவறு பற்றி இலங்கை மருத்துவ சபையிடம் முறையிடலாம். அச்சபை பெயரை நீக்கவோ இடைநிறுத்தவோ கூடும், இழப்பீடு வழங்காது. இல்லத்தின் பதிவு பற்றி முதியோருக்கான தேசியச் செயலகத்திடமும், மருத்துவ நிறுவனமாயின் தனியார் சுகாதார ஒழுங்குமுறைப் பேரவையிடமும் முறையிடலாம். அரச வைத்தியசாலையில் நேர்ந்த தவறாயின் அரசியலமைப்பின் 126 ஆம் உறுப்புரையின் கீழ் அடிப்படை உரிமை மனுவுக்கு இடமிருக்கக்கூடும். அதற்கான காலம் ஒரு மாதம் மட்டுமே. இழப்பீட்டை நாடுவோருக்குரிய முதன்மை வழி மாவட்ட நீதிமன்றத்தில் தொடுக்கப்படும் தீங்கியல் வழக்கு. அதன் அடிப்படை இந்நாட்டின் பொதுச் சட்டமான உரோம ஒல்லாந்தச் சட்டத்தின் அக்குயிலிய வழக்குரிமை. வழக்காளி மூன்றை நிறுவவேண்டும்: எதிராளிக்குக் கவனக் கடமை இருந்தது, அக்கடமை மீறப்பட்டது, அந்த மீறலே தீங்கை விளைவித்தது. பணியாளரின் தவறுக்கு அவரைப் பணியில் வைத்த இல்லமும் பொறுப்பாகும் என்பதால், ஏழை உதவியாளர் ஒருவரைத் தனித்து வழக்கில் நிறுத்தவேண்டிய அவசியமில்லை.

இம்மூன்றில் இறுதியானதே பெரும்பாலான வழக்குகள் உடைந்துபோகும் இடம். பேராசிரியர் பிரியாணி சொய்சா எதிர் ரியென்சி அர்செகுலரத்ன என்னும் வழக்கு இந்நாட்டின் மருத்துவக் கவனக்குறைவுச் சட்டத்தின் மையக்கல். மூளைத்தண்டில் கட்டியிருந்த குழந்தையொன்று 1992 இல் இறந்ததைத் தொடர்ந்து, நோயறிதலில் கவனக்குறைவு என்று தந்தை தொடுத்த அவ்வழக்கில், மாவட்ட நீதிமன்றம் 50 இலட்சம் ரூபா வழங்கியது. மேன்முறையீட்டு நீதிமன்றம் பொறுப்பை ஏற்றுக்கொண்டு தொகையை இரண்டரை இலட்சமாகக் குறைத்தது. 2001 இல் உயர் நீதிமன்றம் அதையும் நீக்கியது. கவனக்குறைவுக்கும் மரணத்துக்கும் இடையிலான காரணத் தொடர்பு நிறுவப்படவில்லை என்பது ஒரு காரணம். குழந்தையின் அன்பையும் துணையையும் இழந்தமைக்கு அக்குயிலிய வழக்கில் இழப்பீடு இல்லை, பொருள் இழப்புக்கே உண்டு என்பது மற்றொன்று. இந்த இரண்டாவது விதி முதியோருக்கு எத்துணைக் கொடியது என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். உழைத்து எவரையும் தாங்காத எண்பது வயதுத் தாய் ஒருவரின் மரணத்தில், அவ்விதியின்படி, ஈமச் செலவைத் தவிர இழப்பென்று கணக்கிட ஏதுமில்லை.

சட்டம் பின்னர் இளகியது. பிறரின் தவறான செயலாலோ கவனக்குறைவாலோ நேர்ந்த மரணத்துக்கு நெருங்கிய உறவினர் இழப்பீடு பெறுவதைப் பற்றிய 2019 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கச் சட்டம், பொருள் இழப்புடன் மன வேதனைக்கும் அன்பும் துணையும் இழந்தமைக்கும் இடமளித்தது. முதியோர் இல்ல மரணங்களில் இச்சட்டத்தின் பயன் பெரிது. இதை அறிந்த குடும்பங்கள் மிகச் சில. ஆயினும் காரணத் தொடர்பை நிறுவும் சுமை அப்படியே இருக்கிறது. முதியவருக்கு ஏற்கெனவே நீரிழிவும் இதயநோயும் சிறுநீரகத் தளர்ச்சியும் இருந்திருக்கும். அவர் எப்படியும் இறந்திருப்பார் என்பதே எதிராளியின் வாதமாக இருக்கும். இந்தியாவில் நிலைமை வேறு. மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் அடங்கும் என்று 1995 இல் வி. பி. சாந்தா வழக்கில் அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. அவ்வழியில் சென்ற குணால் சாகா வழக்கில், உடலில் நெடுநாள் தங்கும் டெப்போ மெட்ரோல் என்னும் ஊசிமருந்து, நாளுக்கு இருமுறை 80 மில்லிகிராம் வீதம் கொடுக்கப்பட்டது மருந்துச்சீட்டாலேயே வெளிப்பட்டது. 2013 இல் அந்நீதிமன்றம் ஆறு கோடி ரூபாய்க்குச் சற்றுக் குறைவான இழப்பீட்டை வழங்கியது. 1998 இல் நேர்ந்த அவரது மனைவியின் மரணத்துக்குத் தீர்வு கிடைக்கப் பதினைந்து ஆண்டுகள் ஆயின. மருந்தின் பெயரும் அளவும் இடைவெளியும் எழுத்தில் இருந்தமையே அவ்வழக்கைத் தாங்கி நின்றது.

குற்றவியல் வழி தனியானது. தண்டனைச் சட்டக்கோவையின் 298 ஆம் பிரிவு, முன்பின் பாராத அல்லது கவனக்குறைவான செயலால் மரணம் விளைவிப்பதற்கு ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்க இடமளிக்கிறது. சந்தேகத்துக்கிடமான மரணம் பற்றிப் பொலிஸாருக்கு அறிவிக்கப்பட்டால், திடீர் மரண விசாரணை அதிகாரியோ நீதவானோ விசாரித்து, சட்ட வைத்திய அதிகாரியின் பிரேத பரிசோதனைக்குக் கட்டளையிடலாம். இங்கே விஞ்ஞானமும் சடங்கும் மோதுகின்றன. வெளிநாட்டுப் பிள்ளைகள் வந்துசேரும் வரை உடலைப் பேணுவதற்காக மலர்ச்சாலையில் ஃபோர்மலின் ஏற்றப்படுகிறது. பிள்ளைகள் வந்ததும் பொரளை கனத்தையில் தகனம் நடக்கிறது. ஃபோர்மலின் ஏற்றப்பட்ட உடலில் பல மருந்துகளைக் கண்டறிவது கடினம். தகனத்துக்குப் பின் எதுவுமே எஞ்சுவதில்லை. ஐயம் இருப்பின் அதை மலர்ச்சாலைக்கு முன்னரே சொல்லவேண்டும். பிரேத பரிசோதனை என்பது இறந்தவருக்குச் செய்யும் அவமதிப்பு என்று தயங்கும் குடும்பங்களின் வேதனை புரிந்துகொள்ளத்தக்கது. ஆனால் அத்தயக்கம் சான்றை முற்றாக அழித்துவிடுகிறது.

பிரேத பரிசோதனையும் எல்லாவற்றையும் சொல்லிவிடாது. இறப்புக்குப் பின் உயிரணுக்கள் குருதியிலுள்ள குளுக்கோசைத் தொடர்ந்து கரைப்பதால், குருதியில் சர்க்கரை குறைந்திருப்பது இறப்பின் காரணமா விளைவா என்று அறிய முடியாது. டிஜொக்சின் இதயத் தசையிலிருந்து குருதிக்குள் திரும்பிக் கசிவதால், இதயக் குருதியில் அதன் அளவு உண்மையை விடக் கூடுதலாகத் தோன்றும், ஆகவே தொடைக் குருதியை எடுக்கவேண்டியிருக்கிறது. உயிருடன் இருக்கும்போது எடுக்கப்படும் மாதிரியே நம்பத்தகுந்தது. முதியவர் சர்க்கரை வீழ்ந்து மயங்கிய நிலையில் வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்பட்டால், குளுக்கோஸ் ஏற்றத் தொடங்கும் அதே கணத்தில் எடுக்கப்படும் குருதி மிகுந்த மதிப்புடையது: கணையம் தானே சுரக்கும் இன்சுலினுடன் சி பெப்டைட் என்னும் துண்டும் சம அளவில் வெளிவரும், ஊசியால் ஏற்றிய இன்சுலினுடன் அது வராது. இன்சுலின் மிகுந்து சி பெப்டைட் குறைந்திருந்தால் ஊசியின் அளவு தவறியிருக்கிறது. இரண்டும் மிகுந்திருந்தால், சிறுநீரகத் தளர்ச்சியில் தேங்கும் கிளிபென்கிளமைட் போன்ற குளிசையை ஐயுற இடமுண்டு. அந்த ஒரு குழாய்க் குருதி, பதிவேட்டில் எழுதியிருப்பது உண்மையா என்பதை உரசிப் பார்க்கிறது.

ஆகவே தவறு நேர்ந்த அன்றே செய்யத்தக்கவை முக்கியமானவை. எஞ்சிய குளிசைகள், உறைகள், ஊசிக்குழல்கள், கிளினிக் கொப்பி ஆகியன எறியப்படாமல் வைக்கப்படவேண்டும். பதிவேட்டின் பக்கங்கள் அன்றே படமெடுக்கப்படவேண்டும், ஏனெனில் பின்னர் ஒரே மையில் ஒரே கையெழுத்தில் நிரப்பப்பட்ட ஒரு மாதப் பதிவு நீதிமன்றத்தில் எதையும் நிறுவாது. நேர்மையான இல்லங்களுக்கும் இது பாதுகாப்பே. தவறை உடனே ஒப்புக்கொண்டு, நோயாளியை வைத்தியசாலைக்கு அனுப்பி, நடந்ததை எழுதி வைத்த இல்லத்தை அதே பதிவேடு காக்கிறது. பல உதவியாளர்கள் உண்மையைச் சொல்ல அஞ்சுவது தண்டனைக்கும் வேலை இழப்புக்கும்தான் என்பதால், முதற்கேள்வி யார் செய்தது என்பதாக அல்லாமல் எப்படி நேர்ந்தது என்பதாக இருந்தால் பதில் கிடைக்கும் வாய்ப்பு மிகுதி.

2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அரச வைத்தியசாலையிடம் ஆவணங்களைக் கோரலாம்; சாதாரணத் தனியார் இல்லம் அச்சட்டத்துக்குள் வருவதில்லை. எனவே மருந்துப் பதிவேட்டை எப்போதும் பார்வையிடவும் பிரதி பெறவும் உள்ள உரிமை, முதியவரைச் சேர்க்கும் வேளையிலேயே உடன்படிக்கையில் எழுதப்படவேண்டும். மருந்தை ஊட்டுபவரின் தகைமை, மருந்து மாற்றப்படும்போது குடும்பத்துக்கு அறிவித்தல், அடக்கும் மருந்துகளுக்கு முன்னனுமதி, குருதிப் பரிசோதனைகளுக்குரிய கால ஒழுங்கு ஆகியவையும் அதில் இடம்பெறலாம். வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பும் பிள்ளைகள் பலர் தொலைபேசி வாய்மொழியிலேயே இவ்வொப்பந்தத்தைச் செய்துவிடுகின்றனர். அதன் சட்டவிளைவு கால அளவில் தெரிகிறது: 1871 ஆம் ஆண்டின் காலவரையறைக் கட்டளைச் சட்டத்தின்படி தீங்கியல் வழக்கை இரண்டு ஆண்டுகளுக்குள்ளும், வாய்மொழி ஒப்பந்த மீறலுக்கான வழக்கை மூன்று ஆண்டுகளுக்குள்ளும் தொடுக்கவேண்டும், எழுதிக் கையொப்பமிட்ட ஒப்பந்தத்துக்கு ஆறு ஆண்டுகள் உண்டு.